பழைய ஆறு சிலிண்டரில் இன்னும் எத்தனை குதிரை?

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் கிழக்குக் கடலில் விசைப்படகுகளுக்குத் தடை. மீன் பெருகட்டும் என்று விட்ட காலம்தான் எஞ்சின் வேலைக்கும் காலம். தூத்துக்குடிப் பட்டறைகளில் அந்த இரண்டு மாதமும் ஹெட் கழற்றிக் கிடக்கும், கிராங்க் கிரைண்டிங்குக்குப் போயிருக்கும், டீசல் பம்ப் பெஞ்சில் ஏறியிருக்கும். கூடவே வருடா வருடம் ஒரு கேள்வியும் எழும். இருப்பது பழைய லாரி எஞ்சின். இதையே நன்றாகக் கட்டிச் சக்தியைக் கூட்டிக்கொள்ளலாமா, இல்லை கடனை வாங்கிப் பெரிய எஞ்சினுக்கே போய்விடலாமா?

இந்தக் கேள்வியைப் புன்னக்காயலில் நின்று யோசிப்பது நல்லது. தாமிரபரணி கடலில் சேரும் ஊர் அது. அங்கே பெரும்பாலும் பைபர் படகும் நாட்டுப்படகும்தான்; இழுவைமடி போடும் பெரிய படகுகளுக்குத் துறை வடக்கே தூத்துக்குடி. ஆகவே குதிரைத்திறனின் இரண்டு பக்கமும் இந்த ஊருக்குத் தெரியும். முகத்துவாரத்தில் மணல் திட்டு சேர்ந்து அலை உடையும் இடத்தில் எஞ்சின் சட்டென்று ‘பிக்கப்’ கொடுக்காவிட்டால் படகு பக்கவாட்டில் திரும்பிவிடும். அதே குதிரைத்திறன் ஒரு விசைப்படகில் அளவுக்கு மீறி ஏறி, அந்தப் படகு கரையை ஒட்டி மடி இழுத்தால் அறுந்து போவது இவர்களுடைய வலை.

இந்தப் பக்கத்தில் பழைய ஆறு சிலிண்டர் என்றால் முக்கியமாக இரண்டு வம்சம். ஒன்று லேலண்ட். 1948-ல் அசோக் மோட்டார்ஸ் என்று தொடங்கி 1955-ல் அசோக் லேலண்ட் ஆன எண்ணூர் நிறுவனம், இங்கிலாந்து லேலண்டின் காமெட் லாரியையும் அதன் எஞ்சினையும் இங்கே கொண்டுவந்தது. 370, 400 என்று பட்டறையில் சொல்லும் எண் கன அங்குலக் கணக்கு. 400 என்றால் ஏறத்தாழ 6.5 லிட்டர். கடலுக்கென்று மாற்றிய வடிவங்களை நிறுவனமே விற்றது. பிறகு ஜப்பானின் ஹினோவோடு சேர்ந்து வந்த ஆறு சிலிண்டர் 104 மில்லிமீட்டர் போர், 113 ஸ்ட்ரோக், 5,759 சி.சி. மற்ற வம்சம் டாடா. 1954-ல் டைம்லர் பென்ஸோடு செய்த ஒப்பந்தத்தின் வாரிசு. 697 என்றால் ஆறு சிலிண்டர், 97 மில்லிமீட்டர் போர். 128 ஸ்ட்ரோக்கோடு 5,675 சி.சி. வரும். டர்போ இல்லாத நிலையில் இவை எல்லாம் 100-க்கும் 130-க்கும் இடைப்பட்ட குதிரைத்திறன் கொண்டவை. லாரியிலும் பஸ்ஸிலும் ஓடித் தேய்ந்து, கழிவு ஏலத்தில் கைமாறி, பிளாக்கும் கிராங்க்கும் மட்டும் உருப்படியாக இருந்தால் போதும் என்று வாங்கப்படுகிறவையும் இவற்றில் உண்டு.

ஏன் ஆறு? ஒரே வரிசையில் ஆறு சிலிண்டர், கிராங்க்கின் முழங்கைகள் 120 டிகிரி இடைவெளியில், முன்பாதி பின்பாதிக்குக் கண்ணாடி பார்த்த மாதிரி. 1-5-3-6-2-4 என்ற வரிசையில் வெடிக்கும்போது ஒரு பிஸ்டன் மேலே எறியும் விசையை மற்றவை சரிக்கட்டிவிடுகின்றன. நாலு சிலிண்டரில் எப்போதும் மிஞ்சி நிற்கும் உதறல் இதில் இல்லை. மரப் படகின் ஆணியும் கசிவடைப்பும் உதறலில்தான் தளரும் என்பதால் கடலில் இந்த அமைதிக்குக் கூடுதல் மதிப்பு. இதற்குக் கொடுக்கும் விலை நீளம். நீண்ட கிராங்க் முறுக்கிக்கொண்டு விட்டுக்கொள்ளும். அந்த முறுக்கலை விழுங்கத்தான் முன்முனையில் ரப்பர் வைத்த டேம்பர் புல்லி. சக்தி கூட்டும் பேச்சில் இந்த ரப்பரை யாரும் நினைப்பதில்லை. இருபது வருடத்தில் அது மரக்கட்டையாக இறுகியிருக்கும்.

பழைய இன்லைன் சிக்ஸை எடுத்துச் சக்தி ஏற்றுவது உலகமெங்கும் ஒரு பித்து. 1952-ல் அமெரிக்காவின் ஹட்சன் ஹார்னெட், வால்வு பக்கவாட்டில் இருந்த பழைய பாணி ஐந்து லிட்டர் ஆறு சிலிண்டரோடு, இரட்டைக் கார்புரேட்டர் போட்டுக்கொண்டு நாஸ்கார் பந்தயங்களில் வி8 கார்களைப் பின்னுக்குத் தள்ளியது. ஜாகுவாரின் எக்ஸ்கே எஞ்சின் 1951-க்கும் 1957-க்கும் இடையில் லெ மான் 24 மணிநேரப் பந்தயத்தை ஐந்து முறை வென்றது. டொயோட்டாவின் 2ஜேஇசட் மூன்று லிட்டர்தான். வார்ப்பிரும்பு பிளாக்கும் ஏழு மெயின் பேரிங்கும் கொண்ட அதை, பெரிய டர்போ வைத்து ஆயிரம் குதிரைக்கு மேல் கொண்டுபோனவர்கள் உண்டு. நம் நாட்டில் ஜபல்பூர் ராணுவத் தொழிற்சாலை நிசான் உரிமத்தில் கட்டிய ஜோங்கா ஜீப்பில் 3,956 சி.சி. பெட்ரோல் ஆறு சிலிண்டர் இருந்தது. ஏலத்தில் வாங்கியவர்களில் பலர் அதன் பெட்ரோல் பசிக்கு அஞ்சி டீசல் எஞ்சின் வைத்துக்கொண்டார்கள். சிலர் மட்டும் அந்த ஆறு சிலிண்டரையே சீராட்டி வைத்திருக்கிறார்கள்.

இந்தக் கதைகளில் இருந்து கடலுக்கு எதை எடுத்துக்கொள்ளலாம்? கொஞ்சம்தான். தெருவில் ஓடும் கார் தன் முழுச் சக்தியைப் பத்து இருபது வினாடி கேட்கும். பிறகு சிக்னல் வரும், முன்னால் மாட்டு வண்டி வரும். லெ மான் மாதிரியான பந்தயத்தில்கூட ஓட்டுநர் வளைவுக்கு வளைவு காலை எடுக்கிறார். மடி இழுக்கும் படகில் காலை எடுப்பது என்பது கிடையாது. விடிகாலை ஐந்து மணிக்குப் போய் இரவு ஒன்பதுக்குள் திரும்பும் தூத்துக்குடிப் படகு, இடையில் மணிக்கணக்கில் ஒரே பாரத்தில் நிற்கிறது. கம்மின்ஸின் 5.9 லிட்டர் ஆறு சிலிண்டரை எடுத்துக்கொள்ளுங்கள். அதே பிளாக் உல்லாசப் படகுக்கு 370 குதிரை என்று விற்கப்பட்டது. நாள் முழுக்க உழைக்கும் படகுக்கு அதில் பாதியை ஒட்டித்தான் மதிப்பிட்டார்கள். உலோகம் ஒன்றே. எத்தனை மணி நேரம் அந்தச் சூட்டில் இருக்க வேண்டும் என்பதுதான் வேறு. பழைய எஞ்சினில் சக்தி ஏற்றுவது பற்றி எழுதப்படுவதில் பெரும்பகுதி இந்த ஒரு விஷயத்தைத் தொடாமலே போகிறது.

என் கருத்து இது: பழைய ஆறு சிலிண்டரில் கூட்ட வேண்டிய சக்தியைவிட, அது தொலைத்துவிட்ட சக்தியே அதிகம். முதலில் அதை மீட்க வேண்டும்.

காற்றிலிருந்து தொடங்கலாம். எஞ்சின் அறைக்குள் 60 டிகிரி சூட்டில் கிடக்கும் காற்றை உறிஞ்சும் எஞ்சின், வெளியே 30 டிகிரியில் இருக்கும் காற்றை உறிஞ்சுவதைவிட ஒன்பது சதவீதம் குறைவாகவே ஆக்சிஜனைப் பெறுகிறது. மேல்தட்டில் இருந்து ஏர் கிளீனர் வாய்க்கு ஒரு நல்ல குழாய் இறக்கினால் அந்த ஒன்பதும் திரும்ப வரும். வால்வு சீட்டுகளைப் பொடி போட்டு உரசி ஒட்டவைப்பது, தேய்ந்த வால்வு கைடுகளை மாற்றுவது, டாப்பெட் இடைவெளியைச் சரிசெய்வது, புகைக்குழாயில் அனாவசிய வளைவைக் குறைப்பது எல்லாமே இந்த வகைதான். போர்ட்டுகளைப் பளபளவென்று மெருகேற்றுவது பந்தயக்காரர் வேலை. 2,000 சுற்றில் ஓடும் டீசலுக்கு அதில் சொல்லும்படி ஆதாயமில்லை.

பிறகு பம்ப். இங்கே கொஞ்சம் நிற்க வேண்டும். 100 குதிரைச் சக்தியில் ஓடும் இந்த வகை எஞ்சின் மணிக்குச் சுமார் 20 லிட்டர் டீசல் குடிக்கும். 2,000 சுற்றில் ஆறு சிலிண்டருக்கும் சேர்த்து மணிக்கு 3,60,000 முறை டீசல் பீச்சப்படுகிறது. வகுத்துப் பார்த்தால் ஒரு பீச்சுக்கு 56 கன மில்லிமீட்டர், அதாவது ஒரே ஒரு சொட்டு. அந்தச் சொட்டை ஆறு சிலிண்டருக்கும் ஒரே அளவாக, ஒரே கணத்தில் கொடுக்க வேண்டியது பம்ப்பின் வேலை. டெஸ்ட் பெஞ்சில் பம்ப்பை ஏற்றி மோட்டாரால் சுழற்றும்போது ஆறு இஞ்செக்டருக்குக் கீழே ஆறு கண்ணாடிக் குழாய் நிற்கும். 200 அடிக்கு ஒவ்வொன்றிலும் 11 மில்லியை ஒட்டி ஏற வேண்டும். பல வருடமாகத் தொடாத பம்ப்பில் ஒரு குழாய் 9-ல் நிற்கும், அடுத்தது 13-க்குப் போகும். ஒன்பதில் நிற்கும் சிலிண்டர் சும்மா கூட வருகிறது. பதின்மூன்று குடிக்கும் சிலிண்டர் பிஸ்டனைச் சுட்டுக்கொண்டிருக்கிறது. வெளியில் இருந்து பார்த்தால் ‘இழுவை போதவில்லை, புகையும் வருது’ என்று மட்டுமே தெரியும். எலிமெண்டுகளைத் திருப்பி ஆறு குழாயிலும் ஒரே மட்டம் கொண்டுவருவதும், நாசில் தெளிப்பு பனி மாதிரி விரிகிறதா, நூலாக ஒழுகுகிறதா என்று பார்ப்பதும், டைமிங்கை ஆலை சொன்ன டிகிரிக்குக் கொண்டுவருவதும் செலவு குறைந்த வேலைகள். இவற்றில் திரும்ப வரும் சக்தியை வேறு எதிலும் இந்த விலைக்கு வாங்க முடியாது.

பெஞ்சுக்கு வந்த படகுக்காரர் வழக்கமாக அடுத்துக் கேட்பது, “அண்ணாச்சி, அந்த ஸ்க்ரூவையும் ரெண்டு சுத்து திருப்பி விட்டுருங்க.” டீசலின் உச்ச அளவைக் கட்டுப்படுத்தும் திருகு அது, ஈய முத்திரை வைத்திருப்பார்கள். விவரமான பம்ப் மெக்கானிக்கின் பதில்: “திருப்பலாம் தம்பி. காத்து எங்க இருக்கு?”

அவர் கேட்பது சரியான கணக்கு. 6.5 லிட்டர் எஞ்சின் 2,000 சுற்றில் நிமிடத்துக்கு ஆறேகால் கிலோ காற்றைத்தான் இழுக்கும். 100 குதிரைக்கான டீசலுக்கு அது ஏறத்தாழ 22-க்கு ஒன்று என்ற விகிதம். இந்தப் பழைய நேரடித் தெளிப்பு எஞ்சின்களில் 18-க்கு ஒன்றுக்குக் கீழே போனால் டீசல் முழுதாக எரியாமல் கரும்புகை கட்டும். ஆகக் காற்றைக் கூட்டாமல் திருகை மட்டும் திருப்பினால் கிடைக்கும் எல்லை 120 சொச்சம். அதற்கு மேல் போகும் டீசல் புகையாகவும், லைனரில் இறங்கி எண்ணெயைக் கழுவும் ஈரமாகவும், வால்வைத் தின்னும் சூடாகவும் மாறும்.

அதனால்தான் டர்போ. அரை பார் அழுத்தம் ஏற்றினால் காற்று ஒன்றரை மடங்காகும் என்று சொல்வார்கள், ஆகாது. அமுக்கினால் காற்று சூடாகும். 30 டிகிரிக் காற்று டர்போவில் இருந்து 85 டிகிரிக்கு மேல் வெளிவரும். சூட்டில் விரிந்துவிடுவதால் அடர்த்தியில் கிடைக்கும் லாபம் கால் பங்குதான். இங்கேதான் லாரிக்கு இல்லாத வசதி படகுக்கு இருக்கிறது. கடல்நீர் ஓடும் குளிர்விப்பானில் அந்தக் காற்றை 45 டிகிரிக்கு இறக்கினால் அடர்த்தி 1.4 மடங்கைத் தாண்டும். 100 குதிரை எஞ்சின் நேர்மையாக 140 கொடுக்க இது போதும். இரண்டு மடங்கு, மூன்று மடங்கு என்ற பேச்சுக்கெல்லாம் இந்த பிளாக்கில் இடமில்லை. ஆலைகளே இந்தத் தலைமுறை எஞ்சினில் டர்போ வைத்தபோது கூட்டியது நாலில் ஒரு பங்கை ஒட்டித்தான். அதற்குக்கூட பிஸ்டனை மாற்றினார்கள், பிஸ்டனுக்கு அடியில் எண்ணெய் பீச்சும் ஜெட் வைத்தார்கள், பம்ப்பையும் மாற்றினார்கள். 697-ன் டர்போ வடிவத்து உதிரிகளைத் தேடி வாங்கிக் கட்டுவது ஒரு வழி. டர்போவை மட்டும் வாங்கி மேனிபோல்டில் வெல்டு வைத்துவிட்டு உள்ளே பழைய பிஸ்டனை விட்டுவைப்பது இன்னொரு வழி. இரண்டாவதைச் செய்கிறவர்கள் புகைவாயிலில் ஒரு சூட்டுமானியாவது வைத்துக்கொள்வது நல்லது. 700 டிகிரியை நெருங்கினால் கையை எடுத்துவிட வேண்டும். அலுமினிய பிஸ்டனின் முகட்டுக்கு அதற்கு மேல் பொறுமை கிடையாது.

கீழ்ப்பகுதி. கிராங்க் ஜர்னலை மைக்ரோமீட்டரால் குறுக்கும் நெடுக்குமாக அளந்தால் உண்மை தெரியும். ஏற்கெனவே ‘பத்து சைஸ்’, ‘இருபது சைஸ்’ அடித்திருக்கிறார்களா, அதாவது கால் மில்லி, அரை மில்லி கிரைண்டிங் போயிருக்கிறதா? ஒவ்வொரு முறையும் கடினப்படுத்திய மேல்தோல் கொஞ்சம் போகிறது. இரண்டு முறை கிரைண்டிங் போன கிராங்க்கின் மேல் டர்போ வைப்பதை நான் ஆதரிக்க மாட்டேன். பேரிங், ஆயில் பம்ப், முன்னே சொன்ன டேம்பர் மூன்றும் புதிதாக இருக்க வேண்டும். ஹெட் போல்ட்டை நடுவில் இருந்து வெளிப்பக்கமாக, படிப்படியாக டார்க் ரெஞ்சில் முறுக்க வேண்டும் என்பது எல்லோருக்கும் தெரிந்ததுதான். அவசரத்தில் விட்டுப்போவதும் அதுவே. நீளமான ஆறு சிலிண்டர் ஹெட்டில் அதன் பலன் மூன்றே மாதத்தில் கேஸ்கெட்டில் தெரியும்.

குளிர்விப்பு பற்றிச் சுருக்கமாக. ஷாப்ட்டுக்குப் போகும் சக்திக்குச் சற்றே குறைந்த அளவு சூடு தண்ணீருக்குப் போகிறது. சக்தியை நாற்பது சதவீதம் கூட்டினால் சூடும் அவ்வளவு கூடும். பழைய ஹீட் எக்ஸ்சேஞ்சரோ, அடியில் ஓடும் கீல் கூலிங் குழாயோ அந்த அளவுக்குக் கட்டப்பட்டதல்ல. கடல்நீர்ப் பக்கம் 50 டிகிரியைத் தாண்டினால் சுண்ணாம்பும் உப்பும் படியும். படிந்தால் இன்னும் சூடேறும். துத்தநாகக் கட்டையை நேரத்துக்கு மாற்றாமல் விட்டால் செம்புக்குழாயே அரித்துவிடும்.

எல்லாம் செய்து 140 குதிரை கிடைத்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். படகு எவ்வளவு வேகம் கூடும்? ஏமாற்றமாகத்தான் இருக்கும். நீரைப் பிளந்து போகும் படகுக்கு அதன் நீளமே எல்லை போடுகிறது. நீர்மட்டத்தில் 49 அடி நீளமுள்ள படகுக்கு அந்த எல்லை ஒன்பதரை நாட் அளவில் வரும். அதற்கு முன்பே, ஏழு நாட்டில் இருந்து ஒன்பதுக்குப் போகச் சக்தி இரண்டு மடங்குக்கு மேல் கேட்கும். மடி இழுக்கும்போதோ வேகம் மூன்று நாட் அளவுதான். அங்கே வேண்டியது பெரிய காற்றாடியை மெதுவாக, பலமாகச் சுற்றுவது. குறைந்த சுற்றில் முறுக்குவிசை கொடுப்பதுதான் நீண்ட ஸ்ட்ரோக் கொண்ட இந்தக் கிழ எஞ்சின்களின் இயல்பு. அதைக் கியர்பாக்ஸின் குறைப்பு விகிதமும் காற்றாடியின் பிட்சும்தான் கடலுக்குக் கொண்டுசேர்க்கின்றன. முழு ஆக்சிலேட்டரில் எஞ்சின் தன் குறித்த சுற்றை எட்டாமல் 1,700-ல் திணறிக் கரும்புகை விட்டால் குற்றவாளி எஞ்சின் அல்ல, அளவு மீறிய காற்றாடி. முகத்துவார மணலில் உரசி இலை ஓரம் மடங்கிய காற்றாடியும் இதே நாடகத்தை ஆடும். எஞ்சினைக் கழற்றும் முன் காற்றாடியைக் கழற்றிப் பார்ப்பது அரை நாள் வேலை. புன்னக்காயல் மாதிரி வாயிலில் மணல் அடைக்கும் துறைகளில் அதையே முதல் வேலையாக வைத்துக்கொள்ளலாம்.

எத்தனை குதிரை என்பது பட்டறையோடு முடிகிற விஷயமும் அல்ல. ரோட்டில் வண்டியின் ஆலை அமைப்பை மாற்றக் கூடாது என்று மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவை முன்வைத்து 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் சொன்னது. கடலில் 1983-ஆம் வருடத் தமிழ்நாடு கடல் மீன்பிடி ஒழுங்குபடுத்தும் சட்டம் விசைப்படகு கரையை ஒட்டி மீன் பிடிக்கக் கூடாது என்கிறது. அதன்கீழ் வந்த 2020 விதிகள் 240 குதிரைத்திறனை எல்லையாக வைக்கின்றன. அதைத் தாண்டிய ‘சீன எஞ்சின்’ படகுகளை எதிர்த்து வட மாவட்டங்களில் மீனவர்களே மறியல் செய்திருக்கிறார்கள். அவர்கள் கோபத்தில் நியாயம் இருக்கிறது. ஒரு படகு இருநூறு, முந்நூறு குதிரைக்குப் போனால் பக்கத்துப் படகும் போயாக வேண்டும். கடலில் மீன் கூடப்போவதில்லை, எல்லோருடைய டீசல் செலவும் கூடும். நாட்டுப்படகுக்காரருக்கு மிஞ்சுவது அறுந்த வலை. பழைய ஆறு சிலிண்டரை 140-ல் நிறுத்திக்கொள்கிறவர் இந்தச் சண்டைக்கு வெளியே நிற்கிறார் என்பது என் கட்சி.

டீசல் கணக்கு வேறு இருக்கிறது. விற்பனை வரி இல்லாத டீசல் விசைப்படகுக்கு ஆண்டுக்கு 18,000 லிட்டராக இருந்து, 2023-ல் 19,000 என்று உயர்த்தப்பட்டது. மணிக்கு 20 லிட்டர் குடிக்கும் 100 குதிரைக்கு அது 950 மணி நேரம். 200 குதிரையை முழுதாக ஓட்டினால் 475 மணி நேரம்தான். மறுபக்கம், காற்றாடி வாங்கும் சக்தி சுற்றின் மும்மடிப் பெருக்கத்தில் ஏறி இறங்கும். மடி ஏற்றிவிட்டுக் கரை திரும்பும்போது 2,000 சுற்றை 1,800-க்கு இறக்கினால் சக்தித் தேவை 27 சதவீதம் குறைகிறது, நேரம் கொஞ்சமே கூடுகிறது. மீன் ஏலத்துக்கு முந்தி வந்து சேர வேண்டுமே என்பார்கள். அது உண்மைதான், அந்த அவசரத்துக்கு எந்த மெக்கானிக்கிடமும் மருந்தில்லை.

எந்த எஞ்சினைக் கட்டலாம், எதை விட்டுவிடலாம் என்பது கடைசியாக. 2020 ஏப்ரலில் பிஎஸ்-6 மாசு விதி வந்த பிறகு புதிய லாரிகளில் எலக்ட்ரானிக் கட்டுப்பாட்டு டீசல் அமைப்புகள்தான். இன்லைன் பம்ப் வைத்த பழைய ஆறு சிலிண்டர் இனிமேல் ஏலத்துக்கு வருவது குறைந்துகொண்டே போகும். இப்போது கையில் இருக்கும் நல்ல பிளாக்கை இரும்பு விலைக்குத் தள்ளிவிட அவசரப்பட வேண்டாம். பிளாக்கில் விரிசல் இல்லை, கிராங்க் இருபது சைஸைத் தாண்டவில்லை, ஹெட் வளையவில்லை என்றால் பணம் போட்டுக் கட்டலாம். சிலிண்டர்களுக்கு நடுவே கீறல் ஓடி, தையல் போட்டு, லைனர் இருக்கைகளை உப்பு தின்றிருந்தால் எவ்வளவு கைராசியான எஞ்சின் என்று சொன்னாலும் அதில் டர்போவும் வேண்டாம், போரிங்கும் வேண்டாம். பம்ப்பையும் ஹெட்டையும் கழற்றி வைத்துக்கொண்டு மிச்சத்தைக் காயலான் கடைக்கு அனுப்பிவிடலாம்.